படிப்பவர் குறிப்பறிதல்

மாலை வேளையில் மானசகங்கோத்திரி நூலகத்தில் அமர்ந்திருப்போரைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஒருவர் கன்னத்தில் கையூன்றி நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடமாக ஏடு புரளவில்லை. மற்றொருவர் காற்றில் பறப்பதுபோல் பக்கங்களைப் புரட்டிச் செல்கிறார். மூன்றாமவர் ஒரு வரியைப் படிக்கிறார். நிமிர்ந்து மேலே பார்க்கிறார். மீண்டும் அதே வரிக்குத் திரும்புகிறார். இம்மூவருள் நூலில் உள்ளம் தோய்ந்திருப்பவர் யார்? தேர்வுக்காகப் படிப்பவர் யார்? உள்ளத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் இங்கே கொண்டுவந்திருப்பவர் யார்?

விடை கூறுவது எளிது என்று தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஏடு புரட்டாதவர் ஆழ்ந்து படிப்பவராகவும் இருக்கலாம். விழித்தபடியே உறங்குபவராகவும் இருக்கலாம். விரைந்து புரட்டுபவர் சுவையால் ஈர்க்கப்பட்டிருக்கலாம், சலிப்பால் தள்ளப்பட்டிருக்கலாம். ஒரே செயலுக்கு இருவேறு காரணங்கள் உண்டு. நம் பொருளின் சிக்கல் முழுதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது.

பிறர் உள்ளத்தைப் புறக்குறிகளால் உணரும் கலை தமிழர்க்குப் புதியதன்று. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை எட்டு வகையாகப் பகுத்து, அதற்கு மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார் தொல்காப்பியர். திருவள்ளுவரோ குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். ஒன்று பொருட்பாலில், 71-ஆம் அதிகாரம். அரசவையில் குறிப்பறிவதைக் கூறுவது. மற்றொன்று காமத்துப்பாலில், 110-ஆம் அதிகாரம். காதலர் குறிப்பறிவதைக் கூறுவது. அறியும் முறை ஒன்றே. அறிவதன் நோக்கம் வேறு. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இது நமக்குப் பயன்படும்.

இன்று இக்கலை கருவிகளின் கைக்கு வந்துள்ளது. படிப்பவரின் கண்ணசைவையும் மூளையில் எழும் மின்னலையையும் அளந்து, அவருக்கு எதில் நாட்டம் என்று கணிக்க அறிவியலார் முயல்கின்றனர். அம்முயற்சி எவ்வாறு நடைபெறுகிறது, அது எதை அறிய வல்லது, எதை அறிய இயலாதது என்பவற்றை முறையே காண்போம்.

மைசூரும் உளவியலும்

நாம் பயிலும் இவ்வூருக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு உண்டு. 1916-இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924-இல் உளவியலுக்கெனத் தனித்துறை கண்டது. இந்தியாவில் இத்துறை முதன்முதல் தோன்றிய இடங்களுள் இதுவும் ஒன்று. இலண்டனில் பயின்று வந்த எம். வி. கோபாலசாமி அத்துறைக்குத் தலைமை தாங்கினார். அவரே 1935-இல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தை நிறுவினார். அந்நிலையம் ஆகாசவாணி என்னும் பெயரால் வழங்கிற்று.

உளவியல் பேராசிரியர் ஒருவர் வானொலி நிலையம் நடத்தினார் என்பது சிந்திக்கத்தக்கது. வானொலியில் பேசுபவர்க்குக் கேட்பவர் முகம் தெரியாது. அவர் சிரிக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா, பெட்டியையே நிறுத்திவிட்டாரா என்று அறிய வழியில்லை. நூலாசிரியர் நிலையும் இதுவே. ஆயிரம் பேர் வாங்கிய நூலில் ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டியவர் எத்தனை பேர் என்பது அவருக்கு எட்டாத செய்தி. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே ஒரு திரை என்றும் இருந்தே வந்தது. அத்திரையை விலக்கிப் பார்க்கும் முயற்சியே நாம் இப்போது ஆராய்வது.

கண் எவ்வாறு படிக்கிறது?

வண்டி சாலையில் ஓடுவதுபோல் நம் கண் வரியின்மேல் சீராக வழுக்கிச் செல்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பிழை. பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜவால் முதலியோர் 1879-ஆம் ஆண்டளவில் செய்த ஆய்வுகள் உண்மையை வெளிப்படுத்தின. கண் வரியில் வழுக்குவதில்லை, தவளைபோல் தாவுகிறது. ஓரிடத்தில் சிறிது தங்குகிறது; பின் அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. முன்னதைத் தங்கல் என்றும் பின்னதைத் தாவல் என்றும் இங்கே குறிப்போம்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. விடுதி அறையிலேயே செய்து பார்க்கலாம். அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து அதன் நடுவே பென்சில் நுழையும் அளவுக்குத் துளையிடுங்கள். அத்தாளை நண்பர் முகத்துக்கு நேரே பிடித்து, அவரை மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தாளின் பின்புறமிருந்து துளை வழியே அவர் கண்களைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் கண் சிறுசிறு துள்ளலாக நகர்ந்து, வரி முடிந்ததும் ஒரே வீச்சில் மறுகோடிக்குத் திரும்புவது தெளிவாகத் தெரியும். எளிய கட்டுரை ஒன்றையும் கடினமான தத்துவப் பகுதி ஒன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள். துள்ளல்களின் எண்ணிக்கை மாறுவதை நீங்களே எண்ணிவிடலாம்.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவே உள்ள மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே எழுத்தை நுணுக்கமாகக் காணும் ஆற்றல் உண்டு. கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்நகத்தின் அகலமே அதன் எல்லை எனலாம். அதற்கு வெளியே உள்ளவை மங்கலாகவே தெரியும். ஆகவே படிக்க விரும்பும் சொல்லை அச்சிறு பகுதிக்கு நேரே கொண்டுவரக் கண் இடைவிடாமல் இடம் மாற வேண்டியிருக்கிறது. தாவும்போது காட்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணவே முடியாது. அருகில் நிற்பவர் காண்பார்.

ஆங்கிலம் படிப்பதில் தேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சில அளவுகளைத் தந்துள்ளன. ஒரு தங்கல் சராசரியாகக் கால் நொடி அளவு நீடிக்கிறது. ஒரு தாவலுக்கு நொடியில் ஆயிரத்தில் 20 முதல் 40 பங்கே ஆகிறது. ஒரு தாவலில் 7 முதல் 9 எழுத்துகள் கடக்கப்படுகின்றன. நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து பின்னோக்கித் திரும்புபவை. கடினமான சொல்லிலும், அரிதாக வழங்கும் சொல்லிலும் கண் நீண்ட நேரம் தங்குகிறது. எதிர்பார்த்த சிறு சொல்லை மிதிக்காமலே தாண்டிவிடுகிறது.

இன்றைய கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழியின்மேல் செலுத்தி, அது கருவிழியில் பட்டு மீளும் புள்ளியையும் பாவையின் நடுவையும் ஒளிப்படக் கருவியால் பின்தொடர்கிறது. ஆய்வுக்கூடக் கருவிகள் சில நொடிக்கு ஆயிரம் முறை அளக்கின்றன. ஒரு மணி நேரம் படிப்பவர் கண் பத்தாயிரம் முறைக்குமேல் தங்குகிறது. அத்தனை தங்கலும் ஏட்டில் பதிவாகிவிடும்.

தமிழ் படிக்கும் கண்

மேற்கூறிய அளவுகள் ஆங்கிலத்துக்கு உரியவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் பொருத்தலாமா? ஆகாது என்றே கூறவேண்டும்.

‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். அதில் இருபது எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்தில் இப்பொருள் ஐந்தாறு சொற்களாகப் பிரிந்து நிற்கும். இடையிடையே வெற்றிடம் இருக்கும். தமிழில் கண் அச்சொல்லின்மேல் ஒரு முறைக்கு மேல் தங்கியே தீரவேண்டும். மேலும் கெ, கே, கை என்னும் எழுத்துகளில் கொம்பு மெய்யெழுத்தின் இடப்பக்கம் நிற்கிறது. அதன் ஒலியோ மெய்க்குப் பின்னரே பிறக்கிறது. கொ, கோ என்பவற்றில் குறிகள் இருபுறமும் நின்று மெய்யை அணைத்துக்கொள்கின்றன. கண் காணும் வரிசையும் நா ஒலிக்கும் வரிசையும் இங்கே வேறு.

ஆங்கில அளவுகோலை வைத்திருக்கும் கருவி, தமிழர் ஒருவர் அந்நீண்ட சொல்லில் மூன்று முறை தங்கியதைக் கண்டு, “இச்சொல்லில் இவருக்குப் பெரும் நாட்டம்” என்று எழுதிவிடக்கூடும். அவருக்கோ நாட்டமும் இல்லை, வெறுப்பும் இல்லை. சொல் நீளம், அவ்வளவே. இந்திய எழுத்துகளுக்குத் தனியாய்வு வேண்டும் என்பதை உணர்ந்து உழைத்தவர்களுள் மைசூர்ப் பல்கலைக்கழக உளவியல் துறையில் பணியாற்றிய பிரகாஷ் படகண்ணாயா ஒருவர். கன்னட எழுத்தின் வடிவச் சிக்கல் படிக்கும் கண்ணின் இயக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது என்று அவரும் உடன் ஆய்ந்தோரும் ஆராய்ந்துள்ளனர். தமிழுக்கும் இத்தகைய ஆய்வுகள் பெருக வேண்டும். தமிழ் மாணவர்கள் இதனைத் தமக்குரிய பணியாகக் கொள்ளலாம்.

பாவை கூறும் செய்தி

கண்ணின் அசைவு மட்டுமன்று, பாவையின் விரிவும் செய்தி கூறுகிறது. இருளில் பாவை விரிவதும் ஒளியில் சுருங்குவதும் யாவரும் அறிந்ததே. ஆனால் ஒளி மாறாதபோதும், உள்ளத்தைக் கவரும் படத்தைக் கண்டால் பாவை விரிகிறது என்று சிக்காகோவில் எக்கார்டு எசு என்னும் அறிஞரும் அவர் துணைவரும் 1960-இல் வெளியிட்டனர். வணிக உலகம் இச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தது. விளம்பரத்தைப் பார்ப்பவர் வாய்திறந்து சொல்லாததை அவர் பாவை சொல்லிவிடும் அல்லவா?

ஆனால் அதே அறிஞர்கள் 1964-இல் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். மனத்துக்குள் பெருக்கல் கணக்குப் போடச் சொன்னால் அப்போதும் பாவை விரிகிறது. கணக்குக் கடினமாக ஆக ஆக விரிவும் மிகுகிறது. விடை கூறியதும் பழைய நிலைக்கு மீள்கிறது. இதிலிருந்து என்ன அறிகிறோம்? காதலியின் படத்துக்கும் விரிகிறது, கணக்குக்கும் விரிகிறது. எனவே பாவை விரிந்ததைக் கொண்டு உள்ளம் உழைக்கிறது அல்லது எழுச்சி பெற்றிருக்கிறது என்று கூறலாம். விரும்புகிறது என்று கூற அது மட்டும் போதாது.

மூளையின் மின்னலை

இனி மூளைக்கு வருவோம். மைசூரில் உளவியல் துறை தோன்றிய அதே 1924-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் யேனா நகரில் ஆன்சு பெர்கர் என்னும் மருத்துவர் மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் தாமே ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதித்து, 1929-இல்தான் அதை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாய் இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழுந்து தணியும் அலை ஒன்றை அவர் கண்டார். கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிட்டது.

அந்த மின்னலை எவ்வளவு சிறியது தெரியுமா? கைவிளக்கில் இடும் மின்கலத்தின் ஆற்றல் ஒன்றரை வோல்ட். தலையின் மேற்புறத்தில் கிடைக்கும் மூளையலை அதில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவினதே. கண்ணிமைத்தால் எழும் மின்மாற்றம் இதைவிடப் பல மடங்கு பெரிது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதோடு கூறுவதைக் கேட்க முயல்வது போன்றது இவ்வாய்வு. ஆகவே ஒரே நிகழ்ச்சியைப் பல முறை நிகழ்த்திச் சராசரி எடுத்தே நெடுங்காலம் ஆய்ந்து வந்தனர்.

அவ்வாறு ஆய்ந்ததில் இரண்டு குறிகள் தெளிவாயின. நாம் எதிர்நோக்கியிருக்கும் பொருளோ நமக்கு வேண்டிய பொருளோ தோன்றினால், நொடியில் ஆயிரத்தில் முந்நூறு பங்கு கழிந்த அளவில் நேர்மின் திசையில் ஓர் அலை எழுகிறது. இது 1965-இல் அறியப்பட்டது. மற்றொன்றை மார்த்தா குட்டாசு, இசுடீவன் இல்லியார்டு என்னும் இருவர் அமெரிக்காவில் 1980-இல் கண்டறிந்தனர். ஒரு தொடரில் பொருளோடு பொருந்தாத சொல் வந்தால், நானூறு பங்கு கழிந்த அளவில் எதிர்மின் திசையில் அலை எழுகிறது. ‘அம்மா இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு வைத்தாள்’ என்று படியுங்கள். ‘செருப்பு’ என்னும் சொல்லைக் கண்டதும் உங்கள் மூளையில் அவ்வலை எழுந்திருக்கும். நீங்கள் சிரிப்பதற்கு முன்பே அது எழுந்து அடங்கிவிட்டது.

இரண்டையும் இணைத்தல்

கண் ‘எங்கே’ என்பதைக் கூறும். மூளையலை ‘எப்போது என்ன நேர்ந்தது’ என்பதைக் கூறும். ஒன்றை மட்டும் கொண்டால் அறிவு அரைகுறையாய் நிற்கும். எனவே இரண்டையும் ஒரே வேளையில் பதிவு செய்கின்றனர். எந்தச் சொல்லில் கண் தங்கிற்றோ அந்த நொடியைத் தொடக்கமாகக் கொண்டு மூளையலையை வெட்டி எடுக்கின்றனர். இதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அலை கிடைக்கிறது. சூரிக்கு நகரத்து ஆய்வாளர்கள் இவ்வாறு கண்ணியக்கத்தையும் மூளையலையையும் இணைத்துத் தொகுத்த படிப்புப் பதிவுகளை 2018-இல் உலகோர் பயன்படுத்துமாறு வெளியிட்டனர்.

பிறகு கணிப்பொறியின் வேலை தொடங்குகிறது. விருப்பமானது, விருப்பமற்றது என்று படிப்பவரே அடையாளமிட்ட பகுதிகளின் பதிவுகளை அதற்குக் காட்டுகின்றனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது பழகிக்கொள்கிறது. பின்னர் அது முன்பு காணாத பதிவுகளைக் கொடுத்துக் கணிக்கச் சொல்கின்றனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிக்குப் பாதி விருப்பமும் விருப்பமின்மையும் கலந்த நூறு பகுதிகளைக் காசு சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் ஐம்பது சரியாக அமையும். ஆகவே ஒரு கருவி அறுபது சரியாகச் சொன்னது என்றால், அறுபதைக் கண்டு வியக்கலாகாது. ஐம்பதுக்கு மேல் உள்ள பத்தையே அதன் திறமையாகக் கொள்ளவேண்டும். இத்தகைய செய்திகளை நாளிதழில் படிக்கும்போது இந்த எளிய கணக்கை மறவாதீர்கள்.

பின்லாந்தின் எல்சிங்கி நகரத்து ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் குறிப்பிடத்தக்கது. படிப்போர்க்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டப்பட்டன. அவர்கள் நாடிய பொருளுக்குரிய சொல் எது, அல்லாதது எது என்பதை மூளையலை கொண்டு கணிப்பொறி ஊகித்தது. அந்த ஊகத்தைக் கொண்டு அதே பொருள் பற்றிய வேறு கட்டுரைகளைத் தேடித் தந்தது. ஒவ்வொரு சொல்லிலும் அது வென்றுவிடவில்லை; ஆனால் பல சொற்களின் ஊகங்களைச் சேர்த்தபோது குருட்டு ஊகத்தைவிட மேலான பயன் கிடைத்தது. வாய்திறந்து கேளாமலே நூலகர் ஒருவர் நமக்கு வேண்டிய நூலை எடுத்து நீட்டுவது போன்றது இது.

இதனால் விளையக்கூடிய நன்மை பெரிது. கையசைக்கவும் பேசவும் இயலாதவர் தமக்கு வேண்டியதைத் தெரிவிக்கலாம். பாடநூலில் மாணவர் இடறும் இடத்தை ஆசிரியர் அறிந்து திருத்தி எழுதலாம்.

நான் செய்த பிழை

இவ்வளவும் கூறியபின், இக்கருவிகள் எங்கே இடறும் என்பதை என் வாழ்க்கையிலிருந்தே ஒரு சான்று கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பள்ளியில் எனக்கு ஒரு தோழன் இருந்தான். பாடத்தைப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து நிற்பான்; முன் வரிக்குத் திரும்புவான்; மீண்டும் தொடங்குவான். வகுப்பே சிரிக்கும். “இவனுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை” என்றார் ஆசிரியர். நானும் அப்படித்தான் எண்ணினேன். மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அவன் பாட்டி சொன்ன கதைகளையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் சொல்வான். நான் வாங்கிவந்த வார இதழின் தொடர்கதையை உரக்கப் படிக்கச் சொல்லித் திண்ணையில் கண்கொட்டாமல் கேட்பான். அடுத்த வாரம் வரும்வரை அவனுக்கு இருப்புக்கொள்ளாது. ஒன்பதாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டு நின்றான். ‘நாட்டமில்லாதவன் நின்றுவிட்டான்’ என்று எல்லாரும் கூறினர்.

மைசூருக்கு வந்தபின், படிப்பதில் இடர்ப்படும் சிறுவர்களைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டேன். அறிவிலும் ஆர்வத்திலும் குறையில்லாத சிறுவர் சிலர்க்கு எழுத்தை ஒலியாக மாற்றுவது மட்டும் பெருந்துன்பமாக இருக்கும் என்றும், அவர்கள் கண் நீண்டு தங்கும், அடிக்கடி பின்னோக்கித் தாவும் என்றும் விளக்கினர். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அத்தோழனின் விரல் நினைவுக்கு வந்தது. அவன் நாட்டமின்றி நிற்கவில்லை. நாட்டம் இருந்ததால்தான் அத்தனை முறை திரும்பித் திரும்பி முயன்றான். இதே ஊரில், 1965-இல் நிறுவப்பெற்ற அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் இத்தகைய குழந்தைகளைச் சோதித்துப் பயிற்சி அளிக்கிறார்கள். அவனுக்கு அத்தகைய வாய்ப்பு அன்று கிட்டவில்லை. யாரும் ‘ஏன் நிற்கிறாய்?’ என்று அவனைக் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே, ஆசிரியர் ஒருவர் செய்த பிழையை ஆயிரம் பள்ளிகளில் ஒரே நாளில் செய்ய வல்லது கருவி. நீண்ட தங்கல் நாட்டமா, இடர்ப்பாடா? பாவையின் விரிவு விருப்பமா, உழைப்பா, அச்சமா? மூளையில் எழும் அலை ‘இது எனக்கு வேண்டும்’ என்பதா, ‘இது என்னைத் திடுக்கிடச் செய்தது’ என்பதா? குறி ஒன்று, காரணம் பல. கருவி குறியை அளக்கிறது. காரணத்தை அது ஊகிக்கிறது. ஊகத்தை அறிவு என்று கொள்வதால்தான் தீங்கு விளைகிறது.

உள்ளத்தின் வாயிற்படி

மற்றொரு கேள்வியும் உண்டு. கருவி பிழையின்றிக் கணிக்கும் காலம் வந்தே விட்டாலும், நம் உள்ளத்தை அளக்க அதற்கு உரிமை தந்தவர் யார்?

இந்தக் கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது. பெங்களூரு நிமான்சு நிறுவனத்தில் பணியாற்றிய சி. ஆர். முகுந்தன் என்னும் உளவியலார், மூளையலை கொண்டு ஒருவரது பட்டறிவின் நினைவைக் கண்டறிவதாகக் கூறும் சோதனை முறை ஒன்றை வகுத்தார். குற்றம் பற்றிய தொடர்கள் கூறப்படும்போது, அச்செயலைச் செய்தவன் மூளை தனியாக அடையாளம் காட்டும் என்பது அதன் அடிப்படை. 2008-இல் புணே நகர நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இச்சோதனையின் முடிவையும் கருத்தில் கொண்டது. உலகெங்கும் அறிஞர்கள் வியந்தும் வெகுண்டும் எழுதினர்.

பின்னர் 2010-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க ஊசிச் சோதனை, பொய்யறியும் கருவிச் சோதனை, மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரது இசைவின்றி அவர்மேல் நடத்தலாகாது என்பது அத்தீர்ப்பு. தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவையும், உயிரும் உரிமையும் காக்கும் 21-ஆம் பிரிவையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். வாய் பேசாதிருக்கும் உரிமை உண்டு என்றால், மூளையும் பேசாதிருக்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம் எனலாம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதி செய்தது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்க்கே இத்தனை காப்பு உண்டு. அப்படியிருக்க, ஒரு குற்றமும் செய்யாமல் கதை படித்துக்கொண்டிருக்கும் நமக்கு அதைவிடக் குறைந்த காப்பு இருக்கலாமா? இது கற்பனைக் கவலையன்று. 2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ என்னும் தலையணிகருவி, அணிந்தவரின் பார்வையையே சுட்டுவிரலாகக் கொண்டு இயங்குகிறது. பார்வை தங்கும் இடங்களைப் பிற செயலிகளுக்குத் தருவதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது. நன்று. ஆனால் அடுத்த கருவியைச் செய்பவரும் அப்படியே அறிவிப்பார் என்பதற்கு உறுதி என்ன? கட்டுரையை விரும்பிப் படிக்கிறோமா என்பதை மட்டுமா அவர்கள் அறிவார்கள்? நோயைப் பற்றிய வரியில் நம் கண் தயங்கியதையும், ஒரு சாதிப் பெயரில், ஒரு கட்சிப் பெயரில், ஒரு பெண்ணின் பெயரில் தங்கியதையும் அன்றோ அறிவார்கள்!

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். படிக்கும் கண் தாவித் தாவிச் செல்கிறது. தங்கும் இடமும் நேரமும் உள்ளத்தின் உழைப்பைக் காட்டுகின்றன. பாவையும் மூளையலையும் அதற்குத் துணைச் சான்று கூறுகின்றன. மூன்றையும் சேர்த்துக் கணிப்பொறி ஓரளவு ஊகிக்க வல்லது. ஆனால் உழைப்பு வேறு, நாட்டம் வேறு. அவ்விரண்டையும் பிரித்தறியப் படிப்பவரையே கேட்பதைவிடச் சிறந்த வழி இன்னும் கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் கூறிய இரண்டு அதிகாரங்களை மீண்டும் நினைவு கொள்ளுங்கள். காரியத்திற்காகக் குறிப்பறிதல் ஒன்று. அன்பிற்காகக் குறிப்பறிதல் மற்றொன்று. கடைக்காரர் நம் கண்ணைப் பார்ப்பதும் தாய் நம் கண்ணைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இடறும் மாணவனைத் தாங்குவதற்காக, அவன் இசைவோடு, கருவி அவன் கண்ணைப் பார்க்கட்டும்; வரவேற்போம். அவனுக்குத் தெரியாமல், அவனை விலைபேசுவதற்காகப் பார்க்குமானால், நூலை மூடிவைக்கும் உரிமை நமக்கு இருக்க வேண்டும்.

நூலகத்தில் அமர்ந்திருந்த அந்த மூவரை மறக்கவில்லை அல்லவா? அவர்களுள் மூன்றாமவர், ஒரே வரிக்குத் திரும்பித் திரும்பி வந்தவர், நாளை உங்கள் அருகிலேயே அமரலாம். அவர் உள்ளத்தை அறிய விரும்பினால் கருவி தேட வேண்டா. நாற்காலியைச் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “என்ன படிக்கிறீர்கள்? எந்த இடம் தடுக்கிறது?” என்று கேளுங்கள். என் தோழனிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.